சிவப்புக் கொடி வைத்த யானை

போன வருடம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் நடந்தது இது. நடந்த இடம் ஒரு கப்பல். சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, இரண்டு ராத்திரி கடலைச் சுற்றிக் காட்டிவிட்டு அதே துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிற சுற்றுலாக் கப்பல். மண்ணூர்ப் பக்கத்துப் பொம்பளைக்குக் கப்பலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைன் லீடர். என் லைனுக்கு வேலை, செய்து முடித்த பொருளைச் சோதித்து அனுப்புவது. நல்ல பீஸுக்குப் பச்சை டேக், கெட்ட பீஸுக்குச் சிவப்பு டேக். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு முதல் நாளே நான் இரண்டு பாடம் எடுப்பேன். ஒன்று, சிவப்பைப் பார்த்தால் கை தானாக ஒதுக்க வேண்டும், யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இரண்டு, நான் சொல்லும்போது சும்மா தலையாட்டக் கூடாது, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டுகிற பெண்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னா புரிஞ்சுது, சொல்லு" என்று நிற்கவைத்துக் கேட்பேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு ஹெட்மாஸ்டர் என்று பட்டப்பெயர் உண்டு. எனக்கும் தெரியும்.

அந்த வருடம் எங்கள் லைனைப் பற்றி ஒரு புகார்கூட வெளியே இருந்து வரவில்லை. அதற்குப் பரிசாக எனக்கும், எங்கள் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒருவருக்கும் குடும்பத்தோடு கப்பல் பயணம் என்று கம்பெனி அறிவித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். என்னால் மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. காரணம் என் மகள்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. முந்திரி ஆகாது. ஆகாது என்றால் சொறி, அரிப்போடு போகிற ஆகாது இல்லை. மூன்று வயதில் சொந்தக்காரர் கல்யாண ரிசப்ஷனில் யாரோ ஆசையாக ஒரு ஸ்பூன் குருமா ஊட்டிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. என் வீட்டுக்காரர் பைக்கில் நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அந்தத் தூரம் இன்னும் எனக்கு முடியவில்லை. பிழைத்துவிட்டாள். அரை முந்திரி உள்ளே போனாலும் ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளுக்குத் தனி டப்பா. எல்லாரும் பந்தியில் இருப்பார்கள், இவள் ஓரமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தயிர் சாதம் சாப்பிடுவாள். பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கை டிஷ்யூவில் சுற்றிப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவாள். "அம்மா, உனக்கு" என்று நீட்டுவாள். ஒரு நாளும் எனக்கு வேண்டும் என்று கேட்டதில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

ஆனால் கப்பல் என்றதும் கேட்டாள். செல்போனில் படங்களைக் காட்டியதும், "அம்மா, அங்க எல்லார்கூடவும் ஒரே டேபிள்ல உக்காந்து, அவங்க சாப்பிடறதையே நானும் சாப்பிடலாமா" என்றாள். முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்கிறாள். நான் என்ன சொல்வேன்?

என் வீட்டுக்காரர் தண்டலத்திலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். "ஃபாரம்ல எழுதிக் குடுக்கலாம்மே. இவ்ளோ பெரிய கப்பல் வச்சிகினு கீறாங்க, ஒரு கொயந்தைக்குப் பாத்து சமைக்க மாட்டாங்களா" என்றார். ஃபாரத்தில் இருந்த கட்டத்தில் முந்திரி, முந்திரி, முந்திரி என்று மூன்று இடத்தில் எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன். வீட்டுச் சாப்பாட்டைக் கப்பலுக்குள் எடுத்து வர அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். நடுக்கடலில் பைக் ஏது, ஆம்புலன்ஸ் ஏது என்ற எண்ணம் மட்டும் துறைமுகம் போய்ச் சேரும்வரை மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

கப்பலுக்குள் கால் வைத்ததும் அந்தப் பயம் கொஞ்சம் மறந்துபோனது, உண்மையைச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்காகவே கட்டிய கப்பல் அது. முழுக்கக் காடு. லிஃப்ட் கதவு திறந்தால் ஒட்டகச்சிவிங்கி பாதியாகப் பிரிகிறது, மூடினால் சேர்கிறது. கேப்டன் தொப்பி வைத்த கரடி ஒன்று வாசலில் நின்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கை கொடுத்தது. மொட்டைமாடியில் முதலை வாய் வழியாகச் சறுக்கி நீச்சல் குளத்தில் விழலாம். என் மகள் எட்டு முறை விழுந்தாள். என் வீட்டுக்காரர் ஒரு முறை விழுந்துவிட்டு, சுற்றிலும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார்.

சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். முதல் நாளுக்கு ஆலமரக் கூடம். மேலேயிருந்து விழுதுகள் தொங்குகின்றன, அதற்குள் மின்மினி மாதிரி குட்டிக் குட்டி விளக்குகள், நடுவில் மேடை. பரிமாறுகிறவர்கள் எல்லாருக்கும் பின்னால் குரங்கு வால். எங்கள் மேஜைக்கு ஆறு பேர். நாங்கள் மூன்று பேர், ஸ்டோர்ஸ்காரர், அவர் மனைவி, ஆறு வயதுப் பையன்.

எங்கள் மேஜைக்குப் பரிமாற வந்தவருக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். "வாங்கக்கா, வாங்கண்ணே. ரெண்டு நாளும் உங்களுக்கு நான்தான். நாளைக்கு நீங்க வேற ஹாலுக்குப் போனாலும் நானும் உங்க பின்னாலயே வந்துருவேன்" என்றார். பேச்சைக் கேட்டதுமே தூத்துக்குடிப் பக்கம் என்று பிடித்துவிட்டேன். எங்கள் லைனில் பாதிப் பேர் அந்தப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் எடுத்துத் தங்கியிருப்பவர்கள்தான். கடலிலும் நம்ம பிள்ளைதானா என்று எனக்கு ஒரு நிம்மதி.

வந்தவர் முதலில் என் மகளிடம்தான் போனார். "முந்திரி ஆகாத பாப்பா நீங்கதானே" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி என்னவோ விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மேடையில் ஒரு பெண் உயரத்திலிருந்து தொங்கிய துணியைப் பிடித்துக்கொண்டு சுழன்று சுழன்று இறங்கினாள். நான் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். "சரிங்களாக்கா?" என்று கேட்டார். "சரி சரி" என்றேன். என் வீட்டுக்காரராவது கேட்டிருப்பார், ஆனால் அவர் அங்கே இல்லை. கை கழுவாமல் சாப்பிட உட்கார முடியாது என்று, நம்ம கேன்டீன் மாதிரி வரிசையாகக் குழாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் போயிருந்தார்.

சாப்பாடு வந்தது. நான் பதினாலு வருடமாக லைனில் நிற்பவள். அந்தக் கூடத்தில் நூற்றுக்கணக்கான பேருக்குத் தட்டு வந்த வேகத்தையும் ஒழுங்கையும் பார்த்து அசந்துபோனேன். ஒருவர் இன்னொருவர் மேல் இடிக்கவில்லை. சூடான தட்டு சூடாக, குளிர்ந்தது குளிர்ச்சியாக வந்தது. எங்கள் சூப்பர்வைசர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் மகளுக்கு வந்த தட்டை மட்டும் மூடி போட்டு எங்களுக்குப் பரிமாறுகிறவரே கையில் எடுத்து வந்தார். மூடியைத் திறந்து, தோசையும் பருப்பும் வைத்துவிட்டு, மூடியை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் பத்து நிமிடத்தில் தின்று முடித்தோம். ஷிப்ட் பழக்கம். மற்ற மேஜைகளில் அப்போதுதான் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எல்லார் தட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, கொட்டுகிற தொட்டி எங்கே என்று எழுந்து நின்றார். "அண்ணே, அத எங்கிட்ட குடுங்க, எனக்கு வேலை போயிரும்" என்று பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பக்கத்து மேஜையில் இருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அது கேலிச் சிரிப்பாக இல்லாமலும் இருக்கலாம். எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஓசி டிக்கெட்டில் வந்தவர்கள் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று தோன்றிவிட்டது.

அந்தச் சுருக்கோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஐஸ்கிரீம் வந்தது. கூடத்தில் விளக்கைக் குறைத்து நீல வெளிச்சம் போட்டார்கள். பரிமாறுகிறவர்கள் எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு மேடைப் பக்கம் ஆடப் போனார்கள். எங்களவரும், அதாவது எங்கள் மேஜைக்குப் பரிமாறிய தூத்துக்குடிக்காரரும், போனார். அது அவர்கள் வேலையில் சேர்த்திதானாம். வேறு ஒருவர் பெரிய தட்டில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். பிள்ளைகளுக்கு மாம்பழ ஐஸ்கிரீமில் செய்த யானை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்டோர்ஸ்காரர் பையனின் யானைக்கு முதுகெல்லாம் பொன்னிறமாகப் பொடி தூவி, பார்க்கவே அம்பாரி வைத்த மாதிரி இருந்தது. பையன் அதைத் தொடாமல் மேடையைப் பார்க்க ஓடிவிட்டான். மற்ற பெரியவர்களும் மேடைப் பக்கமே திரும்பியிருந்தார்கள். என் மகளின் யானை வெறும் மொட்டை. அதன் முதுகில் ஒரு பல்குச்சியில் சிவப்புக் காகிதக் கொடி குத்தியிருந்தது.

எனக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிவப்பு என்றால் எங்களுக்குக் கழித்துப் போட்ட பீஸ். ஓசி டிக்கெட் என்றால் கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து வைப்பீர்களா, அதுவும் என் பிள்ளைக்கா என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முந்திரியா? நான்தான் ஃபாரத்தில் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேனே, எங்கள் மேஜைக்கே முந்திரி இல்லாமல்தான் செய்திருப்பார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. மேலே தூவியிருந்தது பிஸ்கட் பொடி என்றும் நானே முடிவுகட்டினேன். சிவப்பைப் பார்த்ததும் கை தானாக ஒதுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அல்லவா? என் கையும் தானாக ஒதுக்கியது. மொட்டை யானையைக் கொடியோடு பையனின் காலி நாற்காலிக்கு முன்னால் தள்ளினேன். பொடி தூவிய யானையை என் மகள் முன்னால் இழுத்து வைத்தேன். பையனுக்கு வேறு நல்ல பீஸ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு.

"சாப்பிடு" என்றேன்.

அவள் யானையை ரசித்துப் பார்த்தாள். எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள். முதுகிலிருந்து ஒரு ஸ்பூன் அள்ளினாள். அப்போது மேடைப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து, என் மகளின் கையை மணிக்கட்டோடு பிடித்துவிட்டார். ஸ்பூன் தெறித்துத் தரையில் விழுந்தது. அவள் பயந்து அழ ஆரம்பித்தாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "யார் நீ, கொயந்தை கையப் புடிச்சி முறுக்குற" என்று கத்திக்கொண்டே எழுந்து அவர் தோளைப் பிடித்துத் தள்ளினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் மகள் முன்னால் மண்டிபோட்டு, "பாப்பா, வாயில போட்டீங்களா? நாக்குல பட்டுச்சா? மாமாட்ட சொல்லுங்க" என்று மூச்சு வாங்கக் கேட்டார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அக்கா, மேல தூவியிருக்கது முந்திரி."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கப்பலின் நர்ஸ் பையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கை, வாய் எல்லாம் துடைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் அந்த நர்ஸ் நகரவில்லை. உதட்டைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார், நடுநடுவே யானைக் கதை சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கூடத்துக்குப் பொறுப்பான மேனேஜர் வந்தார். "எப்படி நடந்தது?" என்று எங்களவரிடம் கேட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "என் தப்பு சார். பாப்பா சாப்பிட ஆரம்பிக்கிறதப் பாத்துட்டு ஆடப் போயிருக்கணும். முன்னாலயே போயிட்டேன்" என்றார்.

மேனேஜர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் லைனில் ஒரு கெட்ட பீஸ் தப்பிப் போனால் கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்டு நானும் அப்படித்தான் பேனாவை எடுப்பேன். சும்மா இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. சும்மா இருக்கலாமே என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை மாற்றியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், அவரு இல்ல. நான்தான் மாத்துனேன். அவரு சொன்னத நான் காதுலயே வாங்கல, வீடியோ புடிச்சிக்கினு சும்மா தலையாட்டுனேன்" என்றேன். மேனேஜர் பேனாவைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டார். எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு எங்களவர் எனக்குப் பொறுமையாக மறுபடியும் சொன்னார். ஆகாத பொருள் உள்ள ஆளுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்து, சிவப்புக் கொடி வைத்து அனுப்புவார்களாம். கொடி இல்லாத எதையும் பாப்பா தொட வேண்டாம் என்பதைத்தான் அவர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். தோசைத் தட்டின் மூடி மேலேயும் கொடி இருந்ததாம். என் மகள் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. "அவ்ளோ தூரத்துல இருந்து, அந்த இருட்டுல எப்பிடிப்பா பாத்தே" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "ஆடுனாலும் கண்ணு டேபிள்லதாண்ணே கிடக்கும். ஆளில்லாத சேருக்கு முன்னால கொடி நிக்கிதேன்னு பாத்தேன்" என்றார். அவர் பாட்டுக்குச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அறைக்குத் திரும்பினோம். என் மகள் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அம்மா, நாளைக்கி நான் ரூம்லயே தயிர் சாதம் கேட்டு வாங்கி சாப்பிடறேன். நீங்க போய் சாப்டுட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பிறந்தநாள் கேக்கை நீட்டுகிற அதே குரலில் சொன்னாள். எல்லார்கூடவும் ஒரே மேஜையில் என்று கேட்ட பிள்ளையின் வாயை நானே அடைத்துவிட்டேன் என்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் ஒரு வாழைப்பழம் மட்டும் தின்றாள். முதலைச் சறுக்குக்குப் போகவில்லை. மேஜிக் நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போனோம், புறா பறந்தபோதுகூடக் கை தட்டவில்லை. மதியம் மாடியில் உட்கார்ந்திருந்தபோது எங்களவர் தேடிக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் அவருக்கு ஓய்வாம். வால் இல்லாமல் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தார். என்னிடம் பேசவில்லை, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பாப்பா, உங்கம்மா கம்பெனியில செக்கிங்தானே. எங்க கிச்சன்லயும் ஒரு செக்கிங் ஆள் வேணும். வாரீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை, "வா, போலாம்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மேனேஜரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தார் போல. எங்கள் இருவருக்கும் தலையில் வலை மாட்டிவிட்டார்கள். அது எனக்குப் பழக்கம்தான். சமையல் தலைவர் உயரமான தொப்பியோடு வந்து, என் மகளுக்கு வணக்கம் சொல்லி, ஒரு மூலையைக் காட்டினார். தனி அடுப்பு, தனிக் கத்தி, தனிப் பலகை. "இங்கே முந்திரி வராது. நீங்களே பாருங்க" என்றார். அவள் பார்த்தாள் பாருங்கள், என் பிள்ளை அல்லவா? பலகையைத் திருப்பிப் பார்த்தாள். கரண்டி எங்கே கழுவுவீர்கள் என்று கேட்டாள். அடுக்கியிருந்த டப்பாக்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தாள். அந்தப் பெரிய மனுஷன், அத்தனை பேருக்குச் சமைக்க வேண்டியவர், ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னார். கடைசியில் ஒரு பேப்பரை நீட்டி, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடச் சொன்னார். முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வேறு கூடம். குகை மாதிரி கட்டி, சுவரில் அருவி விழுகிற மாதிரி வெளிச்சம் விட்டிருந்தார்கள். சொன்னபடியே எங்களவரும் வாலோடு எங்கள் பின்னால் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை போடாத டீயைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார். முதல் நாள் என் வீட்டுக்காரர் ஒரு தடவைதான் சொல்லியிருந்தார். உட்காரும்போது என் மகள் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள், எழுந்து ஓடத் தயாராக.

தட்டுகள் வந்தன. ஆறு தட்டு. ஆறிலும் சிவப்புக் கொடி.

என் வீட்டுக்காரர் தட்டில், ஸ்டோர்ஸ்காரர் தட்டில், அவர் மனைவி, பையன், நான், என் மகள். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, எல்லாவற்றிலும் கொடி. என் மகள் ஒவ்வொன்றாக விரலை நீட்டி எண்ணினாள். "ஏன் எல்லாருக்கும் வச்சிருக்கீங்க" என்று கேட்டாள்.

"இன்னைக்கு இந்த டேபிளுக்கே முந்திரி கெடையாது பாப்பா. எல்லாரும் உங்க கட்சி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிக்காமல் கேட்டார். "அக்கா, செவப்புக் கொடின்னா என்ன? நீங்க சொல்லுங்க பாப்போம்."

பதினாலு வருடமாக நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. எழுந்து நின்றே சொன்னேன். "சிவப்புக் கொடி இருந்தா எம் பொண்ணு சாப்பிடலாம். இல்லன்னா தொடக் கூடாது. எனக்குத் தெரியலன்னா உங்களக் கேக்கணும்." என் வீட்டுக்காரர் டீ புரையேறச் சிரித்தார். "ஹெட்மாஸ்டருக்கே பரிச்ச" என்றார். என் மகளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே நாற்காலியில் நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஆறு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். புலாவ், பனீர், உருளைக்கிழங்கு. பையனின் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை அவள் எடுத்துத் தின்றாள். வேறொருவர் தட்டிலிருந்து என் பிள்ளை எடுத்துத் தின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கையைத் தட்டிவிடக் கூடாது என்று என் இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். பத்து நிமிடத்தில் முடிக்கிறவர்கள் அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் யானை வந்தது. எல்லாருக்கும் மொட்டை யானை, எல்லா முதுகிலும் கொடி. ஆட்டத்துக்கு மணி அடித்தார்கள், மற்றவர்கள் எல்லாம் மேடைக்கு ஓடினார்கள். எங்களவர் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் மேஜை பக்கமே நின்றார். என் மகள் தும்பிக்கையிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு ஸ்பூன் வாயில் போட்டு, கண்ணை மூடி, விழுங்கினாள். கண்ணைத் திறந்து, "நீங்க போய் ஆடுங்க" என்று அவரிடம் சொன்னாள். அதற்கப்புறம்தான் அவர் வாலைச் சரிசெய்துகொண்டு ஆடப் போனார். அன்றைக்கு அந்த வரிசையில் அவர்தான் ரொம்ப நன்றாக ஆடினார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவெல்லாமோ சொல்ல நினைத்தேன். தள்ளிவிட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான் வந்தது. "விடுங்கக்கா, எங்கம்மாவா இருந்தா ரெண்டு அடி போட்டுருப்பா" என்றார்.

யானைகள் மேல் இருந்த அந்த ஆறு கொடிகளையும் என் மகள் துடைத்து எடுத்துவந்து பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். இப்போதும் விசேஷங்களுக்கு டப்பா கட்டித்தான் கொடுக்கிறேன், ஊரெல்லாம் அந்தக் கப்பல் ஆகிவிடுமா என்ன? ஆனால் ஓரமாக உட்காருவதில்லை. நடுப் பந்தியில் உட்கார்ந்து, டப்பாவில் கொடியைக் குத்திவைத்துவிட்டு, யார் கேட்டாலும் அதற்கு அர்த்தம் சொல்கிறாள். சொல்லி முடித்ததும் திருப்பிச் சொல்லச் சொல்கிறாள். தாயைப் போலத்தான்.

லைனில் நான் இன்னும் சிவப்பு டேக்கை ஒதுக்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுக்கிறேன், வேலை அப்படி. ஆனால் புதுப் பெண்களில் ஒருத்தி தப்புச் செய்தால் பேனாவை எடுப்பதற்கு முன்னால், நான் சொன்னதை அவள் கேட்டாளா என்று பார்ப்பதோடு, அவள் சொன்னதை நான் கேட்டேனா என்றும் பார்க்கிறேன். கம்பெனி வாசலுக்கு வெளியே எங்கே சிவப்பைக் கண்டாலும் என் கை ஒரு நொடி நின்று, இதை யார், யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் நகர்கிறது.